நவுனு செங்கோடனின் வெள்ளைச் சட்டை

வெள்ளைக்கரட்டில் இங்கிலீஷ் வார்த்தைகள் வாயிலிருந்து கீழே விழத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. முதலில் விழுந்தது ஸ்பேனர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஃபிட்டர் கொழந்தவேலு கையை மட்டும் வெளியே நீட்டி, "அந்த ஸ்பேனர இப்பிடித் தள்ளுங்க" என்று சொல்ல, ஸ்பேனர் கைக்கு வந்து சேருவதற்கு முன்னால் அவருடைய உதட்டிலிருந்து புளியங்கொட்டை போல ஒன்று நழுவி, மோவாயில் பட்டு, தரையில் டொக்கென்று விழுந்தது. பல்தான் விழுந்துவிட்டது என்று பயந்து அவர் நாக்கால் வாய் முழுக்கத் துழாவிப் பார்த்தார். எல்லாப் பல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. "ஜாக்கியக் கொஞ்சம் எறக்குங்க" என்றார். இன்னொன்று விழுந்தது.

பத்து மணிக்குள் ஊர் முழுக்க இதே கதையாகிவிட்டது. தமிழ் வார்த்தைகள் எப்போதும் போலக் காற்றோடு போயின. இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும் உடம்போடு வந்து விழுந்தன. தாங்கள் இவ்வளவு இங்கிலீஷ் பேசுகிறோம் என்பது வெள்ளைக்கரட்டு ஜனங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத கிழவிகள் "பஸ்ஸு லேட்டு" என்று சொல்லிவிட்டு, காலடியில் கிடந்த இரண்டையும் பார்த்து வெட்கப்பட்டு, முந்தானையால் மூடினார்கள். கிழவிகள் வாயிலிருந்து விழுந்தவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன வால் இருந்தது. படித்தவர்கள் வாயிலிருந்து விழுந்தவற்றுக்கு வால் இல்லை. மற்றபடி எடையில் ஒன்றும் வித்தியாசமில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஏன் விழுகிறது என்று இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள், இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டார்கள்.

விழுந்தவற்றில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. பொருளுக்கும் ஆளுக்கும் ஊருக்கும் பெயராக இருந்த வார்த்தைகள் கொட்டை போல, வழுவழுவென்று, கனமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. ஒரு வேலையைச் சொல்கிற வார்த்தைகளுக்கு வெட்டுக்கிளி போலக் கால் இருந்தது. தரையைத் தொட்டதும் அவை கட்டிலுக்கு அடியிலும் அரிசிச் சிப்பத்துக்குப் பின்னாலும் ஓடி ஒளிந்தன. ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று குணம் சொல்கிற வார்த்தைகள் நாயுருவி முள் போலப் பச்சையாக இருந்தன. அவற்றுக்கென்று சொந்த இருப்பிடம் கிடையாது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். 'பட்', 'ஸோ' போன்ற பொடிசுகள் கொக்கி போல வந்து இரண்டு கொட்டைகளைக் கோத்துவிட்டன. ஹலோ மட்டும் சோப்புக் குமிழி மாதிரி கிளம்பி, போனில் பேசுகிறவர் மூக்குக்கு முன்னால் உடைந்தது.

வெள்ளைக்கரடு பட்டறைக்காரர்களின் ஊர். தூக்கி எறிவதற்கு முன்னால் எதற்காவது ஆகுமா என்று பார்க்கிற ஊர். 'டைட்டு' என்னும் முள்ளை நட்டில் ஒட்டினால் நட்டு அசையாது என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, கிரீஸ் டப்பாவில் சேர்த்துவைத்தார்கள். கத்திரிக்காய் விற்கிற ராக்கம்மாள் கூடைக்கு மேலே குனிந்து "ஃப்ரெஷ்ஷு, ஃப்ரெஷ்ஷு" என்று பத்து தரம் சொல்லிவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்பினாள். அவளுடைய கத்திரிக்காய் நான்கு நாளானாலும் காம்பு வாடவில்லை. குளிக்கிற தண்ணீரில் ஒரு 'ஹாட்டு' போட்டால் விறகு வேண்டாம். ஸ்டார்ட் ஆகாத மோட்டாருக்குள் இரண்டு 'ஸ்டார்ட்டு' பிடித்து விட்டார்கள், அது மூன்று நாள் நிறுத்த முடியாமல் ஓடிற்று. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளும் திருந்தின, யார் முதலில் 'இடியட்' என்று சொன்னது என்பதற்குச் சாட்சி தரையிலேயே கிடந்தது.

இந்த ஊரில் ஒரே ஒரு மனிதர் வாயிலிருந்து மட்டும் ஒன்றுமே விழவில்லை. அவர் டிங்கரிங் வேலை செய்கிற செங்கோடன். அறுபது வயது. லாரியின் நசுங்கிய தகட்டை உள்ளே ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து வெளியே சுத்தியால் தட்டித் தட்டி, நசுங்கியதே தெரியாமல் எடுப்பவர். லாரியை அவர் வண்டி என்பார். ஸ்பேனரைத் திருகி என்பார். பெயிண்ட் அவருக்குச் சாயம், டீ அவருக்குத் தேத்தண்ணி. நாற்பத்தொன்பது வருஷமாக அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையையும் வாயில் வைத்ததில்லை. அதற்குக் காரணம் அவருடைய சகலை அர்த்தநாரி.

அந்தக் கதை இது. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. இங்கிலீஷ் வாத்தியார் போர்டில் பத்து வார்த்தைகளை எழுதிப்போட்டு, ஒவ்வொன்றும் எந்த வகை, பெயரா வினையா குணமா, நவுனா வெர்ப்பா அட்ஜெக்டிவா என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். செங்கோடனுக்கு வந்தது 'ஸ்லோ'. செங்கோடனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் திரும்பி அர்த்தநாரியைப் பார்த்தான். அர்த்தநாரி வகுப்பில் முதல் பையன், வெள்ளைச் சட்டை போட்டவன், எண்ணெய் வைத்து வகிடெடுத்தவன். அவன் உதடு அசையாமல் "நவுனு" என்றான். செங்கோடன் நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி "நவுனு சார்!" என்றான்.

வாத்தியார் அவன் காதைப் பிடித்து வெளியே கொண்டுபோய் மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தினார். ஜன்னல் வழியாக வகுப்பு முழுக்க "நவுனு, நவுனு" என்று கத்தியது. மறுநாள் செங்கோடன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, பட்டறைக்குப் போனான். அவன் போனான், பெயரும் கூடவே போனது. பட்டறையில் நவுனு, கல்யாணப் பந்தியில் நவுனு, ஓட்டுப் போடுகிற வரிசையில்கூட "நவுனண்ணா, முன்னால போங்க". அர்த்தநாரியோ எம்.ஏ. படித்து, அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகி, தலைமையாசிரியராகி, ரிட்டையரும் ஆகிவிட்டார். ஊர் அவரை ஹெச்.எம். சார் என்றது. போதாத காலம், செங்கோடன் கட்டிய நல்லம்மாளின் தங்கை சிந்தாமணியையே அவர் கட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக்கே குடியும் வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டடி ரோடு. அக்காளும் தங்கையும் குழாயடியில் ஒரு நாளைக்கு நான்கு தரம் பேசிக்கொண்டார்கள். சகலைகள் இரண்டு பேரும் நாற்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தரமும் பேசிக்கொள்ளவில்லை.

"வேணும்னே மாத்திச் சொல்லிக் குடுத்தான்" என்று செங்கோடன் எல்லோரிடமும் சொன்னார். மாமனார் செத்த வீட்டில் பாடை கட்டிக்கொண்டே சொன்னார். அர்த்தநாரி அதை ஒரு நாளும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் செங்கோடனுக்கு இன்னும் எரிந்தது.

வார்த்தைகள் விழ ஆரம்பித்த பிறகு, யாராவது அவரை நவுனு என்று கூப்பிட்டால், கூப்பிட்டவர் காலடியில் ஒரு கொட்டை விழுந்தது. செங்கோடன் குனிந்து அதைப் பொறுக்கி, ஊதி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய எண்ணெய் டின்னில் போட்டு, டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

"ஏனுங்க, இதை எதுக்குச் சேத்தி வெக்கிறீங்க?" என்றாள் நல்லம்மாள்.

"அத்தாட்சி வேணுமல்லோ."

"ஆருகிட்டக் காட்டறதுக்கு?"

செங்கோடன் காலால் டின்னை இன்னும் உள்ளே தள்ளினார். டின் நிரம்பிக்கொண்டு வந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கொட்டைகள் இல்லை, வேறு ஒன்று. அது அவருக்குச் சலூன்காரர் ரங்கனால் தெரியவந்தது. சாரி என்கிற வார்த்தையும் ஒட்டுகிற வகைதான். ஆனால் ஜனங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் போகிற போக்கில் சொல்கிற சாரிக்கு முள்ளே இருக்காது, சருகு போலக் காலில் மிதிபடும். ரங்கன் ஒரு நாள் ஷேவிங் செய்யும்போது மணியக்காரர் தாடையை ஆழமாகக் கீறிவிட்டு, பதறி, கண் கலங்கி "சாரிங்க" என்றபோது, அது பச்சையாக, முள்ளோடு போய் மணியக்காரரின் சட்டைக் காலரில் குத்திக்கொண்டது. ஒரு மாதம் ஆயிற்று. வெளுத்தும் போகவில்லை. மணியக்காரர் அதைத் தங்கப் பொத்தான் மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தார். நெஞ்சிலிருந்து வந்த சாரி மட்டும்தான் அப்படி ஒட்டும் என்று ஊரே பேசிற்று.

இதைக் கேட்ட மறுநாளே செங்கோடன் திருச்செங்கோடு போய், மல் துணியில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துத் தைக்கக் கொடுத்தார். தைத்து வந்ததும் தேய்த்து, கொடியில் மாட்டிவைத்தார். கல்யாணத்துக்கும் போடவில்லை, கோயில் நோம்பிக்கும் போடவில்லை. அர்த்தநாரி வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்து, சட்டையின் இடது பக்கம், பைக்கு மேலே ஒட்ட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பட்டறைத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நடக்க வேண்டும். வேறொன்றும் அவருக்கு இந்தப் பிறவியில் வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளை எதுக்குங்க, கறையாவும்" என்றாள் நல்லம்மாள்.

"ஒட்டுனாத் தெரியோணும்."

இதற்கிடையில் பேரூராட்சி ஒரு முடிவுக்கு வந்தது. துப்புரவு ஆய்வாளர் வளர்மதி ஆட்டோவில் மைக் கட்டி, வீட்டுக்கு வீடு மூன்று வாளி வைக்கச் சொன்னார்: உட்காருவது ஒன்றில், ஓடுவது ஒன்றில், ஒட்டுவது ஒன்றில். மைக்கில் அவர் சொன்ன வார்த்தைகளே ஆட்டோவுக்குப் பின்னால் தெரு முழுக்க விழுந்துகொண்டு வந்தன, துப்புரவுப் பெண்கள் அவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். மக்கும் குப்பை மக்காத குப்பையையே பிரிக்காத ஊர், வார்த்தையையா பிரித்துவிடும்? எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டார்கள். ஓடுகிறவை உட்காருகிறவற்றை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடின. ஒட்டுகிறவை குப்பை வண்டியிலேயே ஒட்டி, 'லூஸு' பட்ட சக்கரம் நடு ரோட்டில் கழன்றது. அதனால் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் மூன்று அறை போட்டு ஒரு கொட்டகை கட்டி, எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து பிரிக்க வேண்டும், பிரிப்பதற்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தெரிந்த ஆள் என்றால் ஹெச்.எம். சார்தான். அவருக்குக் கௌரவ மேற்பார்வையாளர் என்று பதவி கொடுத்து, மாலை போட்டு, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள்.

செங்கோடனைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஊரில் அதை ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தது அவருக்குத்தான். தகட்டைத் தொட்டே எங்கே நெளிசல் என்று சொல்கிற கை அது. பட்டறைத் தரையில் கிடப்பதைப் பெருக்கி அள்ளும்போதே, பார்க்காமலே மூன்றாக ஒதுக்கிவிடுவார். கொட்டை குளிர்ந்திருக்கும். ஓடுகிறது மேலே மண் அப்பிச் செத்தது போலக் கிடந்தாலும் உள்ளே ஒரு துடிப்பு இருக்கும். ஒட்டுகிற முள் காய்ந்தால் சுருண்டு, கொட்டை மாதிரியே உருண்டையாகிவிடும். அதைக் கண்டு பெரிய பெரிய ஆட்கள் ஏமாந்தார்கள். உள்ளங்கைக்குள் வைத்துக் கொஞ்சம் சூடேற்றினால் மெல்ல விரியும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்து, எதையும் தொடாமல், கொண்டுவருகிறவர்களிடம் "என்ன வேர்டு?" என்று கேட்டு, சொன்னதைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறம் விழுகிறது. எது எந்த வார்த்தை என்று கொண்டுவருகிறவளுக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள். இவர் கைக்கு வந்ததை எழுதினார்.

குழாயடியில் சிந்தாமணி அக்காளிடம் அழாத குறையாகச் சொன்னாள். "சோறே எறங்கல அக்கா அவருக்கு. எழுத்திருந்தா ஒரு நொடியில சொல்லிருவேன், ஒண்ணுலயும் எழுத்தே இல்லியேங்கறாரு. ஊட்டுல பேசறதயே நிறுத்திட்டாரு. முந்தி தெனமும் ரெண்டு மொறம் அள்ளுவேன், இப்ப ஒரு கைப்புடி தேறல."

நல்லம்மாள் இதை அப்படியே வந்து வீட்டில் சொன்னாள். செங்கோடன் அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சந்தை. அன்று காலை பதினொரு மணிக்கு, உட்காருவதற்கு என்று எழுதியிருந்த அறையின் கதவு அதிர்ந்தது. உள்ளே போட்டவற்றில் பாதி ஓடுகிற வகை. ஒரு மாதமாக மண் அப்பிக் கிடந்துவிட்டு, எல்லாம் ஒரே சமயத்தில் காலை உதறின. கதவு விழுந்தது. கொட்டைகளை முதுகில் சுமந்துகொண்டு வெட்டுக்கிளிப் படை போலச் சந்தைக்குள் புகுந்த வார்த்தைகள், தக்காளிக்கு மேலும் கருவாட்டுக்கு மேலும் வளையல் கடைக்கு உள்ளேயும் ஓடின. கூடவே வந்த முட்கள் கண்ட இடத்தில் ஒட்டின. ஒரு வெங்காய மூட்டையில் 'டபுள்' ஒட்டி, பக்கத்தில் இரண்டாவது மூட்டை முளைத்தது. ஆட்டு வியாபாரியின் மீசையில் 'ஸ்வீட்டு' ஒட்டி, ஈ மொய்த்தது. ராக்கம்மாள் தராசை வீசிவிட்டு மேடையில் ஏறிக்கொண்டு, "ஹெச்செம் சாரு பிரிச்ச லட்சணத்தப் பாருங்க சாமி!" என்று கத்தினாள்.

பேரூராட்சிச் செயல் அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன், சின்ன வயசு. "ஹெச்.எம். சாருக்கே தெரியலையாட்டம் இருக்குது", "எம்.ஏ.வாம், எம்.எட்டாம்" என்று கூட்டம் முணுமுணுப்பதைக் கேட்டு அவருக்கு வருத்தமாக இருந்தது. அர்த்தநாரியின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கொட்டகைக் குவியலிலிருந்து மூன்றை அள்ளிப் போட்டு, "சார், ஜனங்க முன்னாடி நீங்களே சொல்லிருங்க. ஒவ்வொண்ணும் எந்த வகை? சந்தேகம் தீந்துரும். வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

சந்தை நின்றது. அர்த்தநாரியிடம் படித்தவர்கள், அவரிடம் அடி வாங்கியவர்கள், அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள் என்று முந்நூறு பேர் சுற்றி நின்றார்கள்.

செய்தி பட்டறைக்கு வந்ததும் செங்கோடன் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, மேல் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு சந்தைப்பேட்டைக்குப் போனார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. நாற்பத்தொன்பது வருஷக் கதை எல்லோருக்கும் தெரியும், நன்றாகப் பார்க்கட்டும் என்று தள்ளித் தள்ளி அவரை முதல் வரிசைக்கே கொண்டுவந்து, அர்த்தநாரிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச நிறுத்திவிட்டார்கள்.

தட்டிலிருந்த முதலாவது குதித்து விளிம்புக்கு ஓடிற்று. "ஓடறது" என்றார் அர்த்தநாரி. பச்சைப் பிள்ளையும் சொல்லிவிடும். இரண்டாவது, செயல் அலுவலரின் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒட்டறது" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது தட்டின் நடுவில் கிடந்தது. உருண்டை. மண் நிறம். அசையவில்லை.

அர்த்தநாரி அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற செங்கோடனைப் பார்த்தார்.

செங்கோடனுக்கு அந்தப் பார்வை தெரியும். அது அவருடைய பார்வை. ஆறாம் வகுப்பில், பெஞ்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு அவர் பார்த்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் எத்தனையோ நாள் பாயில் புரண்டு புரண்டு ஒத்திகை பார்த்திருக்கிறார். உதடு அசையாமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பத்தொன்பது வருஷமாக இங்கிலீஷ் தொடாத அவர் நாக்கின் நுனியில், வழுவழுவென்று, குளிர்ச்சியாக, நவுனு வந்து உட்கார்ந்தது.

அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டார். "மொதல்ல நீ சொல்லு. அன்னைக்கு வேணும்னேதான சொன்ன?"

"இல்லடா."

"பொய் சொல்லாத."

"எனக்கும் தெரியாதுடா" என்றார் அர்த்தநாரி. குரல் பதினொரு வயதுக் குரலாக இருந்தது. "நீ என்னையத் திரும்பிப் பாத்த பாரு, எல்லாந் தெரிஞ்சவனப் பாக்கற மாதிரி. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? வாய்ல வந்ததச் சொல்லிட்டன்."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ?"

"வேணும்னு செஞ்சன்னு நீ ஊரெல்லாஞ் சொன்ன. தெரியாதவன்னு பேர் எடுக்கறதுக்கு, கெட்டவன்னு பேர் எடுக்கறது மேலுன்னு இருந்துட்டன். அன்னையிலிருந்து படிச்சேன்டா. படிச்சுக்கிட்டேதான் இருக்கறன். இன்னைக்கும் தெரியல."

செங்கோடன் சட்டெனக் கீழே பார்த்தார். தரையில் ஒன்றும் விழவில்லை. சட்டையைப் பார்த்தார். சட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் இங்கிலீஷ் கொட்டுகிற மனிதர், இத்தனையும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் கலக்காமல் சொல்லியிருக்கிறார். எல்லாம் காற்றோடு போய்விட்டது. அத்தாட்சி இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. டின்னில் போட முடியாது, தெருவில் காட்ட முடியாது.

"சார்?" என்றார் செயல் அலுவலர்.

செங்கோடன் நாக்கிலிருந்த கொட்டையை விழுங்கினார். தொண்டையில் இடித்துக்கொண்டுதான் இறங்கியது. பிறகு, வேடிக்கை பார்க்கிற கிழவன் எதையோ எடுத்துப் பார்க்கிற மாதிரி தட்டில் கைவிட்டு, அந்த மூன்றாவதை எடுத்து உள்ளங்கையில் பொத்தினார். பத்து எண்ணுகிற நேரம் ஆயிற்று. கையைப் பிரித்தபோது அது விரிந்திருந்தது, முள் தெரிந்தது. இடது பக்கம், பைக்கு மேலே, வெள்ளைத் துணியில் அதை வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஒட்டறது" என்றார் அர்த்தநாரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. சிலருக்கு ஏமாற்றம்தான். செயல் அலுவலர் கை தட்டினார். "நாளையிலிருந்து எனக்கு அந்த நாற்காலி வேண்டாங்க, கீழ உக்காந்து கையில எடுத்துப் பாத்தாத்தான் ஆவும்" என்று அர்த்தநாரி அவரிடம் சொன்னார். சந்தை மறுபடி இரைய ஆரம்பித்தது.

செங்கோடன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். நான்கடி வைத்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தூக்கிய கால் கீழே வந்து சேர ஒரு யுகமாயிற்று. கையை வீசினால் அது தண்ணீருக்குள் போகிற மாதிரி போயிற்று. ஒரு ஈ அவர் மூக்குக்கு முன்னால் வந்து, நிதானமாகப் பார்த்துவிட்டுப் போயிற்று. குனிந்து நெஞ்சைப் பார்த்தார், குனியவே வெகுநேரம் ஆனது. சட்டையில் ஒட்டியிருப்பது எந்த வார்த்தை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்பில், போர்டில், அவருக்கென்று வந்த அதே வார்த்தை. பிடுங்கி எறிந்திருக்கலாம். வெள்ளைச் சட்டையில் இதையாவது விட்டுவைப்போம் என்று விட்டுவிட்டார்.

பத்து நிமிஷ வழி அது. மாரியம்மன் கோயிலைத் தாண்டவே மத்தியானமாகிவிட்டது. பின்னால் மொபெட் சத்தம் வந்தது. அர்த்தநாரி. ஒரு முறுக்கு முறுக்கினால் வீட்டுக்குப் போய்விடலாம். அவர் பக்கத்தில் வந்ததும் வண்டியை அணைத்தார், இறங்கினார், தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார். செங்கோடன் ஒரு அடி வைக்கிற நேரத்தில் அவர் ஒரு அடி வைத்துவிட்டு, நின்று, மொபெட் கண்ணாடியைத் துடைத்து, அடுத்த அடிக்குக் காத்திருந்தார். பட்டறைத் தெருவில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் முகத் தகட்டைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். வேலையை நிறுத்தவில்லை, பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

ஃபிட்டர் கொழந்தவேலு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "என்னுங்க நவுனண்ணா, இன்னைக்குள்ள ஊடு போய்ச் சேந்துருவீங்களா?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு கொட்டை விழுந்து, உருண்டு, ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றது.

செங்கோடன் வழக்கம் போல அதைப் பொறுக்கக் குனிந்தார். முதுகு வளைந்து, முட்டி மடங்கி, கை நீண்டு போய்க்கொண்டே இருந்தது. பாதி வழி போவதற்குள் அர்த்தநாரி மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்து, குனிந்து அதை எடுத்து, ஊதி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுறா" என்றார் செங்கோடன். இன்னும் குனிந்த நிலையிலேயே இருந்தார். நாற்பத்தொன்பது வருஷத்தில் தெருவுக்கே கேட்க அவர் தன் சகலையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அது என்னுது."

"இல்லடா" என்றார் அர்த்தநாரி, பையைக் கையால் மூடிக்கொண்டு. "அது என்னுது."